சர்க்கி தாத்ரி: இடைவெளி ஆயிரம் அடி

1996 நவம்பர் 12 மாலை. தில்லியிலிருந்து புறப்பட்ட சௌதி அரேபிய போயிங் 747 மேலேறிக்கொண்டிருந்தது. கஜகஸ்தானின் சிம்கெந்த் நகரிலிருந்து வந்த இல்யூஷின் 76 தில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னதற்கு 14,000 அடி, பின்னதற்கு 15,000 அடி என்பது கட்டுப்பாட்டறையின் ஆணை. அந்த ஆயிரம் அடி இடைவெளி காக்கப்படவில்லை. அன்றைய ஹரியானாவின் பிவானி மாவட்டத்தில், சர்க்கி தாத்ரியின் வயல்களின் மேல் இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வானில் நேர்ந்த மோதல்களில் இன்றளவும் மிகக் கொடியது இதுவே. அருகில் பறந்த அமெரிக்க இராணுவச் சரக்கு விமானத்தின் விமானி, மேகத்தினூடே செந்நிறப் பிழம்பொன்றைக் கண்டதாகத் தெரிவித்தார்.

கஜக் விமானம் தன் உயரத்தைவிட்டு இறங்கியதே காரணம் என நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணை முடிவுசெய்தது. அது சரியே. ஆயினும் அந்த முடிவோடு நாம் நின்றுவிடுதல் தகாது.

அவ்விமானத்தில் ஆங்கிலத்தில் உரையாடியவர் வானொலி இயக்குநர். உயரமானி அவர்முன் இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே அவர் அறிய வேண்டும். ஆணையைச் செவிமடுப்பவர் ஒருவர், விமானத்தைச் செலுத்துபவர் இன்னொருவர். இடையே ஒரு மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் எவ்வளவு நழுவும் என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எதிரே பதினான்கு மைலில் சௌதி விமானம் வருகிறது என எச்சரிக்கை வந்தது, பதிலும் போயிற்று. உயரம் தவறிவிட்டதைக் கடைசிக் கணத்தில்தான் இயக்குநர் உணர்ந்தார். விமானத்தை மேலே ஏற்றச் சொன்னார், விமானியும் ஏற்றினார். ஏற்றாதிருந்தால் 747-க்குக் கீழாகவே அது கடந்து சென்றிருக்கக்கூடும் என்பதுதான் நம்மை உறையவைக்கிறது.

இனி தரைக்கு வருவோம். வானின் பெரும்பகுதி விமானப்படையின் வசமிருந்தமையால், வருவதற்கும் போவதற்கும் தில்லியில் ஒரே பாதைதான். அன்று பயன்பாட்டிலிருந்த ராடார் தொலைவையும் திசையையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. விமானத்தையே வினவி உயரத்தைப் பெறும் இரண்டாம்நிலை ராடார் அப்போது செயல்பாட்டுக்கு வரவில்லை. திரையில் இரு புள்ளிகள் நெருங்கி ஒன்றாவதைக் கண்ட கட்டுப்பாட்டாளருக்கு, ஒன்றன்மேல் ஒன்று கடக்கின்றனவா, மோதுகின்றனவா என்பதை அறிய வழியேயில்லை. குற்றத்தை முழுவதும் அயல்நாட்டு விமானிகளின்மேல் சுமத்துவது எளிது. அவ்வளவு எளிமையை நாம் ஏற்பதற்கில்லை.

பின்னர் தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் பாதைகள் பிரிக்கப்பட்டன. இந்திய வான்வெளியில் பறக்கும் வணிக விமானங்களுக்கு டிகாஸ் என்னும் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அருகிலுள்ள விமானத்தின் கருவியோடு பேசி, ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் சொல்வது அது. 1986-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிட்டோஸில் நேர்ந்த மோதலுக்குப் பிறகு அமெரிக்கா இதைக் கட்டாயமாக்கியிருந்தது.

கருவி வந்தபின் வேறொரு சிக்கல் முளைத்தது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே, ரஷ்ய விமானத்தைக் கருவி ஏறச் சொன்னது. கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானிகள் மனிதக் குரலுக்குப் பணிந்தனர். எதிரே வந்த சரக்கு விமானமோ கருவியின் சொற்படி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். இருவர் சொல்லும் முரண்பட்டால் கருவியின் சொல்லே கொள்ளத்தக்கது என்பது அதன்பின் ஐயமறத் தெளிவாக்கப்பட்டது.

அக்கருவியும் தரைக்கு மிக அருகில் ஏறு, இறங்கு என்று ஆணையிடாது. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில், தரையிறங்கவிருந்த பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகாப்டரும் பொட்டோமாக் ஆற்றின் மேல் மோதி 67 பேர் இறந்தது அத்தகைய தாழ்ந்த உயரத்தில்தான்.