கடல் கடந்த குடும்பங்கள்

மைசூரில் வாழும் தமிழராகிய நமக்குக் கடல் தொலைவிலுள்ளது. எனினும், நம் அருகே திருமுக்கூடலில் கபினியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு செல்லும் காவிரி, சோழ வளநாட்டைச் செழிக்கச் செய்து பூம்புகாரில் கடலோடு கலக்கின்றது. அதற்குத் தெற்கே, அதே கடற்கரையில் அமைந்தது நாகப்பட்டினம். சென்ற நூற்றாண்டில் எண்ணற்ற தமிழ்க் குடும்பங்கள் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியது அத்துறையிலும் சென்னைத் துறையிலுமேயாம். ஓரிரவுப் புகைவண்டிப் பயணத்தையே ஊரைப் பிரிந்த பிரிவாக எண்ணும் நாம், நாட்கணக்கில் கரை காணாது சென்ற அவர்தம் பயணத்தைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும்.

நாகைக்கும் மலாய் நாட்டிற்கும் உள்ள தொடர்பு பழமையானது. ஸ்ரீவிஜய மன்னன் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான் என்பதைச் செப்பேடுகள் கூறும். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரம் சென்றது. அக்கடாரமே பினாங்கை அடுத்துள்ள இன்றைய கெடா என்பர். ஆயினும் அன்று கடல் கடந்தோர் படைஞரும் வணிகருமே. மனைவி மக்களோடு எளிய குடும்பங்கள் பெருந்தொகையாய்க் கடல் கடந்தது பிற்காலத்து நிகழ்ச்சியாகும்.

மலாய் நாட்டில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது ஆட்கள் தேவைப்பட்டனர். 1907இல் அங்கே தமிழர் குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய வரியிலிருந்து தொழிலாளரின் கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டபின், கங்காணிகள் தம் ஊர்களுக்கே வந்து உற்றார் உறவினரை அழைத்துச் சென்றனர். ஆவடியிலும் நாகையிலும் இருந்த முகாம்களில் அம்மை குத்தி, உடல் நலம் சோதித்து, அதன் பின்னரே கப்பலேற்றினர். தொடக்கத்தில் ஆடவரே மிகுதியாகச் சென்றனர். காலப்போக்கில் பெண்டிரும் குழந்தைகளும் உடன் சென்றனர்.

இப்பயணத்தில் மக்கள் நாவில் நிலைத்த பெயர் ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட அக்கப்பல், 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. சென்னை, நாகை, பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறை, சிங்கப்பூர் என்பது அதன் வழி. தளப் பயணிக்கு அறையில்லை, கட்டிலில்லை. விரித்த பாயே வீடு, தகரப்பெட்டியே சுவர். கடல் மயக்கத்தால் தலை தூக்கமாட்டாத தாய், ஒரு கையால் பிள்ளையை இறுகப் பற்றியவாறே அலைகளின் இரவுகளைக் கழித்தாள். பினாங்கை அடைந்த பின்னும் துன்பம் தீர்ந்ததில்லை. நோய் ஐயம் எழுந்தால் ஜெரஜாக் தீவிலுள்ள தடுப்பு முகாமில் தங்க நேர்ந்தது. அத்தீவில் வைக்கப்பட்டோர் பெரும்பாலும் தளப் பயணிகளே.

பெரியார் ஈ.வெ. இராமசாமி 1929 டிசம்பரில் நாகம்மையாருடன் மலாய் நாடு சென்றதும் நாகையிலிருந்தேயாம். அவர்கள் ஏறிய ரோனா என்னும் கப்பல் ஐந்து நாட்களில் பினாங்கை அடைந்தது. கரையில் தமிழ் மக்கள் பெருந்திரளாய்க் கூடி வரவேற்றனர். அதே ரோனா பின்னர் உலகப் போரில் படைவீரரை ஏற்றிச் சென்றபோது, 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் செருமானியர் குண்டுக்கு இரையாயிற்று. ஆயிரத்திற்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர் உயிரிழந்தனர். குடும்பங்களைச் சுமந்த கப்பல்கள் போரைச் சுமந்த காலம் அது. மலாய் நாடு சப்பானியர் கையில் இருந்த 1942 முதல் 1945 வரை கப்பலும் இல்லை. கடிதப் போக்குவரத்தும் அற்றது. அக்கரையிலிருந்த கணவன் உயிரோடுளனோ என அறியாமலே இக்கரையில் மனைவியர் ஆண்டுகளைக் கழித்தனர்.

அப்பயணம் அவர்களுக்கு ஒன்றைக் கற்பித்தது என்பது என் கருத்து. ஊரில் தெருவேறு தெருவாய் வாழ்ந்தோர் கப்பல் தளத்தில் பாயோடு பாய் சேர்த்துப் படுக்க நேர்ந்தது. அண்டையில் இருப்பவர் இன்னார் எனத் தேர்ந்துகொள்ளும் உரிமை அங்கே எவர்க்கும் இல்லை. தஞ்சையாரும் திருச்சியாரும் சேலத்தாரும் ஒருவர் குழந்தையை மற்றவர் ஏந்தினர். சாதி அங்கே கரைந்துபோயிற்று என்று கூறுதல் பொய்யாகும். தோட்டத்து வரிசை வீடுகளிலும் அது தொடர்ந்தது. ஆயினும், ஊர்ப் பெயரால் புறப்பட்டவர்கள் தமிழர் என்னும் பொதுப்பெயரோடு கரையிறங்கினர். அயல்மண்ணில் தமிழ்ச் சங்கங்கள் தோன்றுதற்கு வேண்டிய உறவின் முதற்பாடம் அத்தளத்திலேயே தொடங்கிற்று எனலாம்.

1938இல் இந்திய அரசு தொழிலாளரை உதவித்தொகை கொடுத்து அழைத்துச் செல்வதைத் தடுத்தது. 1953இல் நடைமுறைக்கு வந்த மலாய் நாட்டுக் குடியேற்றச் சட்டம் வாயிலை மேலும் குறுக்கிற்று. ரஜூலா 1973இல் தன் பணியை முடித்தது. அதன் வழியில் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். பயணிகள் கப்பற் போக்குவரத்தும் அத்துடன் நின்றது. இன்று சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் செல்லச் சில மணி நேரமே போதும்.

அக்கப்பல்களைப் பற்றிக் கம்பெனிகள் எழுதிவைத்த கணக்குகளில் டன்னும் பயணிகள் தொகையும் உண்டு; பாயில் படுத்திருந்த தாயின் பெயர் இல்லை. அப்பெயர்கள் குடும்பங்களின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. நம் காலனியிலும் பாட்டனாரோ பாட்டியாரோ அக்கரைச்சீமை சென்று திரும்பிய குடும்பங்கள் இருத்தல் கூடும். பழைய பெட்டியின் அடியில் ஒரு பயணச்சீட்டோ கடவுச்சீட்டோ கிடக்கலாம். அதனை எடுத்து, முதியோரிடம் வினவி, பெயரும் ஆண்டும் ஊரும் குறித்து வைப்பீர்களாக. அடுத்த ஆண்டு மலரில் அவை இடம்பெறுமாயின், கணக்கேடுகள் விட்டுவிட்ட பெயர்களை நம் சங்கம் காத்த பெருமை உண்டாகும்.