மிதிப்பு இயக்கவியல்

மிதிவண்டி மிதிக்கையில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டுகளும் தசைகளும் சேர்ந்து இயங்கும் முறையை ஆராயும் உயிரி இயக்கவியல் பகுதி. இயன்முறை மருத்துவ மாணவர் செயல்சார் உடற்கூறியலைக் கற்க இதைவிட வசதியான அசைவு அரிது. பாதம் ஒரே வட்டத்தில் சுற்றுவதால், எந்தக் கோணத்தில் எந்தத் தசை உழைக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம்.

பெரும் விசை பிறப்பது மிதி கீழிறங்கும் அரைச் சுற்றில். மிதிதண்டு ஏறக்குறையக் கிடைமட்டமாகும்போது திருப்புவிசை உச்சம் தொடும். பிட்டப் பெருந்தசை இடுப்பை நீட்ட, தொடையின் நாற்றலைத் தசை முழங்காலை நீட்டுகிறது. அப்போது முழங்காலை மடக்க வேண்டிய பின்தொடைத் தசைகளும் சும்மா இருப்பதில்லை. எதிரெதிர்த் தசைகள் ஒருசேரச் சுருங்கியும் கால் எப்படி நீள்கிறது? 'லொம்பார்டு முரண்' எனப்படும் இப்புதிருக்கு விடை, நாற்றலைத் தசையின் பகுதியான நேர்தொடைத் தசையும் பின்தொடைத் தசைகளும் இரு மூட்டுகளைக் கடப்பதும், ஒவ்வொரு மூட்டிலும் அவற்றின் நெம்புகோல் நீளம் வேறுபடுவதும்தான். மனப்பாடம் செய்து வருபவர்கள் தடுமாறும் இடமும் இதுவே.

இருக்கை மிகத் தாழ்ந்தால் முழங்கால்சில்லின் பின்புறம் அழுத்தம் கூடும். மிக உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். மிதி அடியில் இருக்கையில் முழங்கால் 25 முதல் 35 பாகை மடங்கியிருப்பது பொதுவான அளவு.

நீள்வட்டத் தடத்தில் ஓட்டும் பந்தய மிதிவண்டிகளில் பிரேக் கிடையாது. பின்சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழலும். வேகத்தைக் குறைக்க மிதியை எதிர்த்துப் பிடிக்கையில், தொடைத் தசைகள் நீண்டபடியே விசை தருகின்றன.