தானா நின்னுச்சா, நிறுத்திப் போட்டாங்களா?

தென்காசி வட்டாரத்துப் பழைய பம்ப் ரூம்களை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. கரண்ட் மோட்டார் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு ஆயில் இன்ஜின் கிடக்கும். போன மாதம் கீழப்பாவூர் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படி ஒன்று கண்ணில் பட்டது. லிஸ்டர் மாடல், ரெண்டு பெரிய ஃப்ளைவீல். பிடித்துத் தள்ளினால் ஒரு நூல்கூட அசையவில்லை. இரும்பு விலைக்கு எடுத்துக்கிடுங்க என்றார் தோட்டக்காரர்.

ஆசை வந்துவிட்டது. தென்காசியில் பழைய இன்ஜின் வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணாச்சி ஒருவருக்கு போன் போட்டேன். நான் விலையைச் சொல்ல ஆரம்பித்தேன், அவர் அதைக் கேட்கவே இல்லை. "தம்பி, அது தானா நின்னுச்சா, நிறுத்திப் போட்டாங்களா?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அது வரலாற்றுக் கேள்வி. இந்த ஊர்களில் இன்ஜின்கள் ஏன் நின்றன?

மலையடிவாரத்தில் சிற்றாறும் கால்வாயும் குளமும் உண்டு. கிழக்கே போகப் போக, பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் பக்கமெல்லாம் கிணறுதான் கதி. அங்கே கமலை மாட்டின் வேலையைப் பிடுங்கியது ஆயில் இன்ஜின். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற சின்ன ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930ஐ ஒட்டிக் கொண்டுவந்த இன்ஜின்தான் இந்த வகைக்கு மூலம். ஒரே சிலிண்டர், நிமிஷத்துக்கு 600 சுற்று, 5 குதிரைத்திறன். பிறகு 650 சுற்றில் 6 ஆக்கினார்கள். எடை 300 கிலோவைத் தாண்டும். மெதுவாக ஓடுவதால் தேய்மானம் குறைவு. திறந்து வேலை பார்க்கவும் லேசு. அதனாலேயே ராஜ்கோட் பட்டறைகள் அதை அச்சு அசலாக வார்த்துத் தள்ளின. புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின் கம்பெனி 1946இல் தொடங்கியது. அவர்களுடைய 1500 சுற்று இன்ஜின்களும் பின்னால் இங்கே வந்தன. அது வேற சாதி, சின்னது, வேகமானது.

பிறகு கரண்ட். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் ஓடத் தொடங்கியது. காமராஜர் முதல்வராக இருந்த 1954 முதல் 1963 வரையான வருஷங்களில் கம்பி கிராமங்களுக்குள் வேகமாகப் போனது. 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தபிறகு டீசல் ஊற்ற எவருக்கு மனசு வரும்? நேற்றுவரை நன்றாக ஓடிய இன்ஜினை நிறுத்தி, மூலையில் தள்ளி, சாக்கைப் போட்டு மூடினார்கள். அண்ணாச்சி சொல்கிற "நிறுத்திப் போட்டது" இதுதான்.

அப்படிப்பட்ட இன்ஜின் இறுகுவது துருவால். ஆனி, ஆடிச் சாரல் காற்றில் ஈரமாக வரும். வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால் சைலன்சர் வழியாக ஈரம் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங்கை லைனரோடு ஒட்டிவிடும். ஹெட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றி, ஒரு வாரம் பொறுத்து, மரக்கட்டை வைத்துத் தட்டினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். (ஃப்ளைவீலைச் சம்மட்டியால் அடிக்கிறவர்களும் உண்டு. வார்ப்பிரும்பு, ஆரம் விண்டுபோகும்.) இங்கிலாந்தில் பழைய இன்ஜின் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு பயம்: குளிரில் உள்ளே தண்ணீர் உறைந்து பிளாக் வெடித்திருக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை, கிணற்றுத் தண்ணீரின் உப்புப் படிவுதான்.

தோட்டக்காரரிடம் கேட்டேன். "1978ல சர்வீஸ் கிடைச்சுது, அன்னைக்கு நிறுத்துனதுதான்" என்றார். கரண்ட் கார்டையும் காட்டினார், வருஷம் சரியாக இருந்தது. சரி, துருதான், வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். வாசலில் அவர் வீட்டம்மா, "அந்தக் கரண்ட் கட் வருஷம் ஒருக்கா ஓட்டுனீங்களே?" என்றார்.

2012. மின்வெட்டு உச்சத்தில் இருந்த சமயம். வாழை காய்கிறதென்று இன்ஜினைச் சுத்தம் பண்ணி ஓட்டியிருக்கிறார்கள். பம்ப் தள்ளுகிற தண்ணீரிலேயே ஒரு குழாய் பிரிந்து இன்ஜினைக் குளிர வைக்கிற அமைப்பு. ஃபுட்வால்வு ஒழுகி பம்ப் தண்ணீர் எடுக்காமல் விட்டது, யாரும் கவனிக்கவில்லை. சூடேறி, பிடித்துக்கொண்டு, தானாகவே நின்றிருக்கிறது. கார்டு பொய் சொல்லவில்லை, பாதிக் கதையைச் சொன்னது. இந்தத் தப்பை நான் ஆவணங்களிலும் செய்திருக்கிறேன்.

மறுபடி அண்ணாச்சிக்கு போன். "தண்ணி இல்லாம நின்னுச்சா, ஆயில் இல்லாம நின்னுச்சா?" தண்ணீர் இல்லாமல் என்றால் லைனரும் பிஸ்டனும் போயிருக்கும், ரெண்டும் மாற்றுகிற சாமான்தான். ஆயில் இல்லாமல் என்றால் பேரிங் உருகி கிராங்கைத் தின்றிருக்கும்; அப்போது காயலான் கடைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார். ஹெட்டைத் தூக்கினால் லைனரில் நெடுக்கக் கீறல். வயிறு கலங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பக்கக் கதவைத் திறந்து, கைவிட்டு, கனெக்டிங் ராடின் கீழ்ப் பேரிங்கைக் கழற்றினார். உள்ளே ஆயில் கறுப்பாக, கெட்டியாகக் கிடந்தது. ஆனால் இருந்தது. கிராங்கை நகத்தால் வருடிப் பார்த்தார், எங்கும் தட்டவில்லை.

"எடுத்துக்கிடலாம்" என்றார்.

குட்டி யானையில் ஏற்ற ஆறு பேர் வேண்டியிருந்தது. லைனர், பிஸ்டன், ரிங் ராஜ்கோட்டிலிருந்து வரவேண்டும், சொல்லியிருக்கிறேன்.