தளம்: படை போனபின் எஞ்சும் தரை

‘தளம்’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு சொற்கள் குடியிருக்கின்றன. இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. ஒன்று படைப்பிரிவைக் குறிப்பது. மற்றது பரப்பையும் அடிநிலத்தையும் குறிப்பது. வடமொழியில் முன்னதன் முதலெழுத்து மெலிந்து ஒலிக்கும், பின்னதன் முதலெழுத்து வலிந்து ஒலிக்கும். தமிழ் இரண்டையும் ‘த’ என்றே எழுதியதால் வேறுபாடு கரைந்துவிட்டது. தளபதியும் தளவாயும் முன்னதன் வழி வந்தவர்கள். மேல்தளமும் தரைத்தளமும் பின்னதன் வழி. ‘விமானத்தளம்’ என்னும்போது இரு பொருளும் சேர்ந்தே நிற்கின்றன. போர்க்கால விமானத்தளங்களின் வரலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. படை போய்விடுகிறது, பாவிய தரை தங்கிவிடுகிறது.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோது, எதிர்க்கரையில் இருந்த தமிழகமும் போரின் விளிம்புக்கு வந்தது. சோழவரம், உளுந்தூர்பேட்டை, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு ஆகிய இடங்களின் ஓடுதளங்கள் அந்தப் போர்க்காலத்தவை. சூலூரில் படையும் தரையும் இன்றும் சேர்ந்தே இருக்கின்றன. அது இன்று இந்திய விமானப்படையின் தளம். சோழவரத்திலோ படை விலகியபின் அதே தரையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பந்தயம் ஓடின. இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் அமையும்வரை சென்னையின் பந்தயக்களம் அதுதான். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனிலும் இதுவே நடந்தது: 1943இல் குண்டுவீச்சு விமானிகளின் பயிற்சிக்குத் திறந்த தளம் 1948இல் பந்தயக்களமானது.

எழுத்து ஒன்றானதால் நேர்ந்த தற்செயலுக்கு இத்தனை பொருள் ஏற்றலாமா என்று கேட்கலாம். தற்செயல் சொல்லைப் பிறப்பிக்கலாம். பொருந்தாவிட்டால் வழக்கு அதைக் கைவிட்டுவிடும். ஊர்வாய் ‘ஏரோட்ரோம்’ என்றல்லவா சொல்கிறது என்பது அடுத்த மறுப்பு. அச்சொல்லின் பின்பாதியான கிரேக்க ‘ட்ரோமோஸ்’ ஓட்டத்தையும் ஓடுகளத்தையும் குறிப்பது. 1896இல் விமான முன்னோடி லாங்லி தம் பறக்கும் பொறியையே ‘ஏரோட்ரோம்’ என்றார். அப்பெயர் பொறியைவிட்டு நீங்கித் தரையில்தான் நிலைத்தது. ஆகவே இச்சொல் என் வாதத்துக்கே சான்றாகிறது.

‘விமான நிலையம்’ என்ற பெயரே போதாதா? 1992இல் திறந்த தூத்துக்குடி வாகைக்குளத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். அங்கே பயணிகள் வந்து போகிறார்கள். விமானம் வராத இடத்தை அப்படி அழைத்தால் இல்லாததைச் சொன்னதாகும். முத்துத்துறையாக விளங்கிய கொற்கையைக் கடல் விலகியபின் துறைமுகம் என்று யாரும் சொல்வதில்லை. கயத்தாறு ஓடுதளத்தை வெறும் புறம்போக்காக எண்ணாமல், வருவாய்ப் பதிவிலும் பள்ளிப் பாடத்திலும் ‘போர்க்கால விமானத்தளம்’ என்றே எழுத வேண்டும். கட்டியவர் யார், எஞ்சியது எது என்ற இரண்டுக்கும் அந்தப் பெயரே பதில் சொல்லும்.