குரங்கணிப் பாதை: மார்ச்ல வேணாம் மக்களே

போன வாரம் எங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ். "மார்ச்ல டாப் ஸ்டேஷன்ல இருந்து குரங்கணிக்கு இறங்கலாமா? மழை இல்ல, அட்டை இல்ல, பாதை காய்ஞ்சு நல்லா இருக்கும்." வரிசையா எல்லாரும் ஓகே. நான் மட்டும் "வேணாம்"னு போட்டேன். ஏன்னு டைப் பண்ண ஆரம்பிச்சேன், அது ஒரு எபிசோடா ஆயிடுச்சு.

முதல்ல அந்தப் பாதையோட கதை. மூணாறில் விளைந்த தேயிலை போடிநாயக்கனூருக்கு வந்து சேரணும். நடுவுல மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான கிழக்குச் சரிவு. 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டிகளை இழுத்தது காளைகள். 1908-இல் அது குறுகிய ரயில் பாதையானது. மலை விளிம்பில் அது முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு.

பெட்டிக்கு ரோப்வே இருந்துச்சு. ஆளுக்கு? நடைதான். தோட்ட வேலைக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் இந்த மலைகளைக் காலால்தான் கடந்தார்கள்.

1924 ஜூலையில் பெருவெள்ளம். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்கிறார்கள். அது ரயில் பாதையை அழித்தது. மறுபடி கட்டவே இல்லை. மலையில் மிஞ்சிய நடைபாதைகள்தான் நம்ம தலைமுறைக்கு ட்ரெக்கிங் ரூட்.

அதே மலைச்சரிவில் கொழுக்குமலையிலிருந்தும் குரங்கணிக்கு ஒரு பாதை இறங்குது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மலையேறப் போனவர்கள் அங்கே காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பலர் சென்னையிலிருந்து வாரக்கடைசிக்குப் போனவர்கள், பலர் பெண்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனா காயப்பட்டவங்ககிட்ட முதல்ல போய்ச் சேர்ந்தது உள்ளூர் மக்கள்தான். போர்வையில் தூக்கிக்கொண்டு அவர்கள் மலை இறங்கினார்கள். அப்போ நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஹாஸ்டல் டிவியில பார்த்தது இன்னும் மறக்கல.

தீ ஏன் அவ்வளவு வேகமா வந்துச்சு? அந்தச் சரிவுல முழுக்க அடர்ந்த காடு இல்லை. பெரும்பகுதி புல்வெளி. மழைக்காலத்தில் ஆள் உயரம் வளரும் புல் பிப்ரவரி, மார்ச்சில் சருகாகிவிடும். ஈரமான சோலைக்காடு சுலபத்தில் பற்றாது. காய்ந்த புல் அப்படி இல்லை. மேலும், தீ இறங்குவதைவிட ஏறுவதுதான் வேகம். சுடர் மேலே சாய்ந்து, அடுத்திருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடும். தீயணைப்புத் துறையினர் சொல்லும் பொதுக் கணக்கு: சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் சுமார் இரண்டு மடங்கு. வெயில் ஏறிய பிறகு மலைக்காற்றும் கீழிருந்து மேல்நோக்கித்தான் வீசும். அந்தச் சரிவில் ஓடி அதை முந்த முடியாது மக்களே.

இப்போ எங்க குரூப் மெசேஜைத் திரும்பப் படிங்க. "பாதை காய்ஞ்சு நல்லா இருக்கும்." காலுக்கு நல்லா இருக்கும், சரி. ஆனா பாதை காயும்போது ரெண்டு பக்கமும் நிக்கிற புல்லும்தான் காயுது. ஓடையும் வத்தியிருக்கும். நமக்கு வசதின்னு தோணுற அத்தனையும் தீக்கும் வசதி.

அந்த விபத்துக்குப் பிறகு, 2018-லேயே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை மூடுகிறது. அதைப் பார்த்து "சும்மா கெடுபிடி பண்றாங்க"ன்னு நானும் ஒரு காலத்துல சொன்னவன்தான். இப்போ சொல்றதில்ல. மூடின பாதைக்கு "நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார், கூட்டிட்டுப் போவார்"னு யாராவது சொன்னா, தயவுசெஞ்சு போகாதீங்க.

எங்க குரூப்ல ஒருத்தன் என்னைப் பயந்தாங்கொள்ளின்னான். பரவாயில்ல. ட்ரிப் டிசம்பருக்கு மாறிடுச்சு, வனத்துறை அனுமதி வாங்கித்தான் போறோம். அட்டைக்கு உப்பு, புகையிலை எடுத்துக்கணும், அவ்வளவுதான். போயிட்டு வந்து பாதை எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன்.