மின்னடுப்புக்கான மின்வடத் தேர்வு

மின்னடுப்புக்கான மின்வடத் தேர்வு என்பது, சமையலறையில் நிலையாகப் பொருத்தப்படும் மின்னடுப்புக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் மின்வடத்தின் (கேபிள்) பருமனையும் வகையையும் தீர்மானிக்கும் முறை ஆகும். வீட்டில் உள்ள கருவிகளுள் மிகுந்த மின்னோட்டத்தை எடுப்பவற்றுள் மின்னடுப்பும் ஒன்று. வடம் தேவையைவிட மெலிதாக இருந்தால், அது சுவருக்குள்ளேயே சூடேறி, காப்புறை இளகித் தீவிபத்து நேரலாம். அடுப்பின் மின்திறன், வடம் செல்லும் வழி, அதன் நீளம், அதனைக் காக்கும் சுற்றுத் துண்டிப்பான் ஆகிய நான்கையும் சேர்த்தே இத்தேர்வு செய்யப்படுகின்றது.

இக்கட்டுரை ஐக்கிய இராச்சியத்தின் நடைமுறையை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது. அங்கு வீட்டு மின்னிணைப்புகள் பிஎஸ் 7671 என்னும் தரத்தைப் பின்பற்றுகின்றன. இவ்விதிகளின் முதற் பதிப்பு 1882 ஆம் ஆண்டில், மின்விளக்குகளால் ஏற்படும் தீ ஆபத்தைத் தடுக்கும் விதிகளாக வெளியானது. 1992 இல் இவை பிஎஸ் 7671 என்னும் பெயரைப் பெற்றன. 18 ஆம் பதிப்பு 2018 இல் வெளியானது.

அடிப்படை

கடத்தியில் உருவாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். கடத்தியின் குறுக்குவெட்டுப் பரப்பு கூடும்போது மின்தடை குறைவதால், தடித்த வடத்தில் உருவாகும் வெப்பமும் குறைவு.

உருவான வெப்பம் வெளியேற வழி வேண்டும். உருவாகும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாகும் நிலையில் வடத்தின் வெப்பநிலை நிலைபெறுகின்றது. வீடுகளில் பரவலாகப் பயன்படும் பி.வி.சி காப்புறை கொண்ட வடங்களுக்கு இது 70 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது. இந்த எல்லையைத் தாண்டாமல் தொடர்ந்து செல்லக்கூடிய மிகக் கூடிய மின்னோட்டமே அவ்வடத்தின் தாங்குதிறன் எனப்படுகின்றது.

மின்னோட்டத்தைக் கணித்தல்

அடுப்பின் பெயர்ப்பலகையில் குறிக்கப்பட்டுள்ள மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 7.2 கிலோவாட் அடுப்பு ஒன்று 230 வோல்ட்டில் எடுக்கக்கூடிய மின்னோட்டம்:

7200 ÷ 230 = 31.3 ஆம்பியர்

எனினும் நான்கு அடுப்பு வளையங்களும் முழுத்திறனில் நெடுநேரம் இயங்குவது அரிது. உணவு கொதித்தபின் அடுப்பு விட்டுவிட்டே மின்சாரம் எடுக்கின்றது. ஆகவே, முதல் 10 ஆம்பியரை முழுமையாகவும் எஞ்சியதில் 30 விழுக்காட்டையும் கூட்டிக் கணிப்பது வழக்கம். அடுப்பின் ஆளியிலேயே வேறு கருவிகளுக்கான செருகுவாய் இருந்தால் மேலும் 5 ஆம்பியர் சேர்க்கப்படும். செருகுவாய் இல்லாத மேற்கண்ட அடுப்புக்கு இது 10 + 6.4 = 16.4 ஆம்பியர் ஆகும். ஆயினும் தயாரிப்பாளரின் கையேடு 32 ஆம்பியர் இணைப்பைக் கோரினால், அதனையே பின்பற்ற வேண்டும்.

வடம் செல்லும் வழி

இத்தேர்வில் பலரும் கவனிக்கத் தவறுவது இதுவே. ஒரே வடத்தின் தாங்குதிறன் அது செல்லும் இடத்தைப் பொறுத்துப் பாதியாகக்கூடக் குறையலாம். குளிரைத் தடுக்கச் சுவர்களிலும் கூரையிலும் நிரப்பப்படும் வெப்பக்காப்புப் பொருள், வடத்தின் வெப்பத்தையும் வெளியேற விடாது. பி.வி.சி காப்புறை கொண்ட தட்டையான செப்பு வடங்களின் தாங்குதிறன் பின்வருமாறு:

- சுவர்ப் பரப்பில் நேரடியாகப் பொருத்தப்பட்டது: 6 ச.மிமீ வடம் 47 ஆம்பியர், 10 ச.மிமீ வடம் 64 ஆம்பியர்
- வெப்பக்காப்பு நிரப்பிய சுவருக்குள், உட்புறப் பலகையைத் தொட்டவாறு: 35 ஆம்பியர், 47 ஆம்பியர்
- கூரைப் பலகையின் மேல், 100 மிமீக்கு மேல் தடித்த வெப்பக்காப்பின் கீழ்: 27 ஆம்பியர், 36 ஆம்பியர்
- எல்லாப் பக்கமும் வெப்பக்காப்பால் சூழப்பட்டது: 23.5 ஆம்பியர், 32 ஆம்பியர்

வழியின் ஒரு பகுதி மட்டும் மோசமாக இருந்தாலும், அப்பகுதிக்குரிய அளவே முழு வடத்துக்கும் கொள்ளப்பட வேண்டும். பல வடங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும் தாங்குதிறன் குறையும்.

துண்டிப்பானும் வடமும்

சுற்றுத் துண்டிப்பானின் (எம்.சி.பி) முதன்மைப் பணி வடத்தைக் காப்பது ஆகும். இதற்கான விதி எளியது: கணித்த மின்னோட்டத்தைவிடத் துண்டிப்பானின் அளவு குறையக்கூடாது, வடத்தின் தாங்குதிறனைவிட அது கூடவும் கூடாது.

சுவர்ப் பரப்பில் செல்லும் 6 ச.மிமீ வடத்துக்கு 32 ஆம்பியர் துண்டிப்பான் பொருந்தும். அதே வடம் முழுதும் வெப்பக்காப்புக்குள் புதைந்திருந்தால் அதன் தாங்குதிறன் 23.5 ஆம்பியர் மட்டுமே. அங்கு 32 ஆம்பியர் துண்டிப்பானைப் பொருத்தி 30 ஆம்பியர் எடுத்தால், வடம் எல்லை மீறிச் சூடேறும். துண்டிப்பானோ அதனை வழக்கமான மின்னோட்டமாகவே கருதும். இந்நிலையில் 10 ச.மிமீ வடத்தைப் பயன்படுத்துவது அல்லது வேறு வழியில் வடத்தைக் கொண்டுசெல்வது தீர்வாகும். துண்டிப்பான் அடிக்கடி விழுகின்றது என்பதற்காக, வடத்தை ஆராயாமல் பெரிய துண்டிப்பானை மாற்றுவது ஆபத்தானது.

மின்னழுத்த வீழ்ச்சி

நீண்ட வடத்தில் மின்னழுத்தத்தின் ஒரு பகுதி இழக்கப்படுகின்றது. இது 5 விழுக்காட்டுக்குள், அதாவது 11.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 6 ச.மிமீ வடத்தில் ஒரு மீட்டருக்கு, ஒரு ஆம்பியருக்கு 7.3 மில்லிவோல்ட் இழக்கப்படும். 12 மீட்டர் நீளத்தில் 31.3 ஆம்பியர் செல்லும்போது வீழ்ச்சி ஏறத்தாழ 2.7 வோல்ட் மட்டுமே. எனவே வழக்கமான வீடுகளில் நீளத்தைவிட வெப்பமே பருமனைத் தீர்மானிக்கின்றது.

அடுப்பருகில் உள்ள இணைப்பு

சுவரில் செல்லும் வடம் ஓர் ஆளியில் (சுவிட்ச்) முடிவடையும். அவசரத்தில் கொதிக்கும் பாத்திரத்தின் மேலாகக் கையை நீட்ட நேராதவாறு, ஆளி அடுப்புக்கு நேர் மேலே அல்லாமல் பக்கவாட்டில், 2 மீட்டருக்குள் அமைக்கப்படுகின்றது.

ஆளியிலிருந்து அடுப்பு வரையுள்ள பகுதிக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் வகையையே பயன்படுத்த வேண்டும். அடுப்பின் அடிப்பகுதி சூடாவதால், பெரும்பாலும் 90 பாகை வரை தாங்கும் நெகிழ்வடம் கோரப்படுகின்றது. சுமார் 3 கிலோவாட் வரையான சில தூண்டல் அடுப்புகள் 13 ஆம்பியர் செருகியுடன் வருகின்றன. இவற்றுக்குத் தனி வடம் தேவைப்படாமல் போகலாம்.

நிறங்களும் சட்டமும்

இன்றைய வடங்களில் மின்னோட்டக் கம்பி பழுப்பு, நடுநிலைக் கம்பி நீலம், புவித்தொடுப்புக் கம்பி பச்சை-மஞ்சள் ஆகும். 2004 ஆம் ஆண்டுக்கு முன்னர் முதல் இரண்டும் முறையே சிவப்பு, கறுப்பாக இருந்தன. பழைய வீடுகளில் இரு முறைகளும் கலந்திருக்கலாம் என்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் கருவி கொண்டு சோதித்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் வீட்டு மின்வேலைகள் 2005 முதல் கட்டட விதிகளின் கீழ் உள்ளன. புதிய மின்சுற்று ஒன்றை அமைப்பது அறிவிக்கப்பட வேண்டிய வேலையாகும். பதிவுபெற்ற மின்பணியாளர் இதனைத் தாமே சான்றளிக்கலாம்.

பிற நாடுகளில்

செருமனியில் மூன்று கட்ட மின்சாரம் வீடுகளுக்கு வருவதால், சுமை மூன்றாகப் பிரிகின்றது. அங்கு 16 ஆம்பியர் துண்டிப்பான்களும், 2.5 ச.மிமீ பருமனுள்ள ஐந்து கம்பி வடமும் பரவலாகப் பயன்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 240 வோல்ட்டில் 40 அல்லது 50 ஆம்பியர் சுற்றுகள் வழக்கம். எனவே ஒரு நாட்டின் வட அளவை மற்றொரு நாட்டில் அப்படியே பின்பற்றுவது தவறாகும்.

இவற்றையும் பார்க்க

- ஓமின் விதி
- மின்தடை
- தூண்டல் அடுப்பு
- உருகி
- புவித்தொடுப்பு