பிலம் வழியே வந்த பிள்ளை: தமிழில் மறைந்து வாழும் நாகரும் கோலார் தங்கவயலும்

மனிதருக்குள் மனிதராக டிராகன்கள் ஒளிந்து வாழ்கின்றன. ஒரு சிறுமியோ சிறுவனோ அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இந்த வகைக் கதைக்கு ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் நூறாண்டுக்கு மேல் வயது. கென்னத் கிரஹாம் 1898-இல் வெளியிட்ட ஒரு கதையிலேயே சண்டையில் விருப்பமில்லாத டிராகன் ஊரை ஒட்டிய குன்றில் குடியிருக்கிறது. ஆட்டிடையன் மகன் அதனோடு சிநேகமாகிறான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு டிராகன் அயல்சரக்கு. மனித உருவில் நடமாடும் நாகர் அப்படியல்ல. அந்தக் கதை நம்மிடம் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது. ஐரோப்பியக் கதை கேட்பது, 'இதனோடு நட்புக் கொள்ளலாமா?' என்று. தமிழ்க் கதை கேட்டதோ, 'இந்தப் பிள்ளை யாருடையது?' என்று. இந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது, சிறுவர் இதழ்களில் எப்படிக் கழன்றுபோனது, தங்கவயலில் எந்த வழியாகத் திரும்பி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மணிமேகலையில் நாகர் இரண்டு வகையாக வருகிறார்கள். ஆதிரை பிச்சையிட்ட காதையில் கப்பல் உடைந்து கரையேறும் சாதுவன் நக்க சாரணர் என்னும் நாகர் கையில் சிக்குகிறான். ஆடையற்றவர்கள், ஆளைத் தின்பவர்கள். அவர்கள் மொழி அவனுக்குத் தெரிந்திருந்ததால் உயிர் பிழைக்கிறான். அவர்கள் தலைவனோடு அறம் பேசும் அளவுக்குப் போகிறான். இது எல்லா நாட்டுக் கடலோடிக் கதைகளிலும் காணக்கிடைப்பதுதான். பீலிவளையின் கதை வேறு. நாகநாட்டு மன்னன் வளைவணனின் மகள் அவள். புகார்ச் சோலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளி அவளைக் காண்கிறான். ஒரு திங்கள் அவனோடு இருக்கிறாள். பிறகு, தான் யாரென்று சொல்லாமலே மறைந்துபோகிறாள். பின்னால் பிறந்த மகனைக் கம்பளச் செட்டியின் கப்பலில் ஏற்றித் தந்தையிடம் அனுப்புகிறாள், கப்பல் கவிழ்கிறது, பிள்ளை காணாமல் போகிறது. பிள்ளையைத் தேடும் துயரில் அரசன் இந்திர விழாவை மறக்கிறான். அதனால் புகாரைக் கடல் கொள்கிறது. ஒரு தலைநகரத்தின் அழிவுக்கே நாகமகளின் பிள்ளையைக் காரணமாக்கும் துணிவு மணிமேகலையை இயற்றிய சாத்தனாருக்கு இருந்தது.

பெரும்பாணாற்றுப்படைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் இதே கதையை வேறு வடிவில் சொல்கிறார். அங்கே நாகப்பட்டினத்துச் சோழன் பிலம் வழியாக, அதாவது நிலத்துக்குள் இறங்கும் குகை வழியாக, நாகலோகம் போகிறான். பிறந்த பிள்ளைக்கு அடையாளமாகத் தொண்டைக் கொடி கட்டிக் கடலில் விடுகிறார்கள். கரை சேர்ந்த பிள்ளை தொண்டைமான் இளந்திரையன். காஞ்சியை ஆண்ட குடியின் மூலத்தை நிலத்துக்கு அடியில் கொண்டுபோய் வைத்த இந்தச் செய்தியைத் தாய்க்குலம் தேடும் மரபின் சான்றாகத்தான் நான் படிக்கிறேன். நாகர் எங்கோ தொலைவில் இல்லை. ஒரு துளை இறங்கினால் போதும். அவர்கள் இரத்தம் மேலே அரசாண்டுகொண்டிருக்கிறது.

உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சேற்றியதும் 1898-இல்தான். கிரஹாமின் டிராகனும் பீலிவளையும் ஒரே ஆண்டில் அச்சேறியதில் பெரிய பொருள் எதுவும் இல்லை. ஆனால் அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. தலித் அறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். மணிமேகலை என்னும் பௌத்த நூல் இனிப் புலவர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. 1904-இல் வி. கனகசபைப் பிள்ளை பழந்தமிழர் பற்றிய தம் ஆங்கில நூலில் நாகரைப் புராணத்திலிருந்து இறக்கி, மறவர், எயினர், அருவாளர், பரதவர் முதலிய குடிகளாக நாட்டில் குடியேற்றினார். அவருடைய இனக் கணக்குகள் இன்றைய ஆய்வுக்குத் தாங்கா. என்றாலும் படம் எடுக்கும் பாம்புக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கும் கண்ணைத் தந்தவர் அவர்.

இனி, பொன் சுரங்க ஊரான கோலார் தங்கவயல். 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினண்ட் ஜான் வாரன், உரிகம், மாரிகுப்பம் பக்கத்தில் பொன் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடினார். பறையர் குடியினர் குழிக்குள் இறங்கிக் கல்லைக் கைமாற்றி மேலே அனுப்புவதையும், பெண்கள் அதைக் குத்திப் பொடியாக்கி அலசுவதையும் எழுதிவைத்தார். நிலத்துக்குள் போகும் வழி அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1875-இல் மைக்கேல் லாவல் சுரங்க உரிமம் பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து பெரும்பாலும் தலித் மக்கள் வந்து லயன் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்கள் வந்தார்கள். பாறைக்குள்ளே தட்டி ஓசை எழுப்பும் குட்டி மனிதர்கள் இருப்பதாகவும், சாப்பாட்டில் ஒரு துண்டை அவர்களுக்கு வைக்கவேண்டும் என்றும் கார்ன்வாலில் நம்பிக்கை. கோலார் ஊரிலோ கோலாரம்மன் கோயிலில் சேளம்மா, தேளுக்கு உரிய அம்மன். தரையில் தோண்டிய குழிதான் உண்டியல். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள கோயில் அது. பூமிக்குள் இருப்பவருக்குப் பங்கு கொடுத்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும் என்ற நினைப்பு இரண்டு தரப்பாருக்கும் பொது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் தாளாமல் பாறை வெடிக்கும்போது மேலே வீடுகளும் ஆடும். தீ மூச்சு விடும் விலங்கைத் தனியாகக் கற்பனை செய்யவேண்டிய அவசியம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இருந்திருக்காது.

ஆனால் தங்கவயலை நாகர் கதையோடு பிணைத்தது சுரங்கத்தைக் காட்டிலும் அச்சகம். மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை வலுவாக இருந்தது. அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய இதழ் அவர் மறைந்த 1914-க்குப் பின் தடுமாறி நின்றபோது, 1920-களின் பிற்பாதியில் கோ. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே 'தமிழன்' என்ற பெயரில் அதை மீண்டும் நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அங்கிருந்து அச்சிட்டது. இழிந்தவர் என்று சொல்லப்பட்டோரே இந்நாட்டின் பழைய பௌத்தர் என்பது அந்நூல்களின் அடிப்படை வாதம். மறைந்து வாழும் தொல்குடி என்ற பழைய கதைக்கூறு இங்கே சமூக வரலாறாக மாறுகிறது. அம்பேத்கர் 1948-இல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில் நாகரும் திராவிடரும் ஒரே மக்கள் என்றார். 1956-இல் நாகபுரியில் பௌத்தம் ஏற்றபோது, அந்த நகரைத் தேர்ந்ததற்கு நாகர் வரலாற்றையே காரணம் காட்டினார். பீலிவளையின் பிள்ளைக்கு உரிமை கோர அரசர்கள் மட்டுமே வந்த காலம் முடிந்தது.

இதே ஆண்டுகளில் சிறுவர் கதை எதிர்த்திசையில் போனது. 1947 ஜூலையில் பி. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினார்கள். தாசரி சுப்ரமணியம் தெலுங்கில் எழுதிய மாயத் தொடர்கள் தமிழிலும் வந்தன. பாழடைந்த கோயில், பாதாளம், மந்திரவாதி, புதையல். சித்ராவும் சங்கரும் வரைந்த படங்கள் இல்லாமல் ஒரு தலைமுறையின் கற்பனையைப் பேச முடியாது. நாகி ரெட்டி, சக்ரபாணி இருவரின் விஜயா நிறுவனம் 1951-இல் எடுத்த 'பாதாள பைரவி'யும் நிலத்துக்கு அடியில் வரம் தரும் தேவியைத் தேடிப்போகும் கதைதான். இவற்றின் மீது எனக்குப் பிரியம் உண்டு, குறையும் உண்டு. பாதாளத்தில் இருப்பது இப்போது காவலோ பரிசோ மட்டும்தான். இளைஞன் இறங்குகிறான், வெல்கிறான், இளவரசியை மணக்கிறான். காவலிருந்த பாம்புக்கு உறவு கிடையாது, பேச்சு கிடையாது, பிள்ளையும் கிடையாது. மறைந்து வாழும் நாகப்பெண்ணைச் சினிமா எடுத்துக்கொண்டு, 'நீயா?' (1979) போன்ற படங்களில் பழிவாங்கும் கருவியாக்கியது. பீலிவளை தன்னை மறைத்துக்கொண்டது பழிக்காக அல்ல. தாய்மையும் பழியும் ஒன்றுக்கொன்று மாற்றிவைக்கக்கூடியவை என்று திரைக்கதையாசிரியர்கள் நினைத்துவிட்டார்கள் போலும்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் பிரித்த கழிவாலான சயனைடு மேடுகள் மட்டும் எஞ்சி நின்றன. கதை 2024 ஆகஸ்டில் பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' திரைப்படம் வழியாகத் திரும்பியது. வட ஆர்க்காட்டு வேப்பூரில் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறான்: முன்னோர் பொன் எடுக்கப் போன மலை, அதைக் காக்கும் நாககுலத்து ஆரத்தி. கிளெமெண்ட் என்ற வெள்ளைத் துரையோடு அவனே தோண்டப் போகிறான். பாம்புகள் வருகின்றன, மண்ணில் புதைந்த புத்தர் சிலை வருகிறது. இறுதியில், தோண்ட வந்தவனுக்கும் காத்து நின்றவளுக்கும் இடையே உள்ள குல உறவு வெளிப்படுகிறது. வாரனின் குழிகளும் அப்பாதுரையாரின் அச்சுக்கூடமும் இல்லாமல் இந்த முடிவு வந்திருக்காது என்பது என் கருத்து. படம் கூச்சலும் குழப்பமும் நிறைந்தது என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆனால் 'இந்தப் பிள்ளை யாருடையது' என்ற கேள்வியைத் திரைக்கு மீட்டுக்கொண்டு வந்தது அதுதான்.

அந்தப் படத்துக்குப் பத்தாண்டு முன்னால் ஜெயமோகனின் 'முதற்கனல்' நாவல் இதே அமைப்பில் தொடங்கியது: நாககுலத் தாய் மானசாதேவி மகன் ஆஸ்திகனுக்குக் கதை சொல்கிறாள். இமயத்தில் மறைந்து வாழும் உயிரினத்தைப் பற்றிச் சிறுவர்களுக்காகவே அவர் 'பனிமனிதன்' எழுதியிருக்கிறார். ஆனால் நாகர் கதையைப் பெரியவர்களுக்கு என்று வைத்துக்கொண்டார். இரஞ்சித்தும் அப்படியே. இரண்டு படைப்பிலும் பிள்ளைகள் கதை கேட்டபடி உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டில் எதுவும் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்காக ஆக்கப்பட்டதல்ல.